உம்மணனின் நடை

உம்மணனை விற்றதில் தப்பில்லை. ஐந்து படம் எடுத்தாயிற்று, அறுபது வயது நெருங்குகிறது, ஒரு ரோமப் பிராணியோடு மனிதன் எத்தனை காலம்தான் குப்பை கொட்டுவான்? விற்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தால் டைரக்டரும் நிம்மதியாக இருந்திருப்பார், அவருடைய தம்பியும் நிம்மதியாக இருந்திருப்பான். ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

குழந்தைகளை உம்மணாமூஞ்சி என்று திட்டுவோமே, அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பிராணிதான் உம்மணன். கைவிடப்பட்ட ரயில் சுரங்கத்தில் குடியிருப்பான். பேச மாட்டான், சிரிக்க மாட்டான். யாராவது அழுதால் மட்டும் மெல்ல நடந்துவந்து பக்கத்தில் உட்காருவான். அவன் செய்கிற வீரதீரம் மொத்தமும் அவ்வளவுதான். அதற்கே குழந்தைகள் சொக்கிப் போனார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து, தங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஐந்தாவது படத்துக்கு வந்தார்கள்.

எல்லாம் அந்த நடையில் இருந்தது. வலது காலை ஊன்றி, இடது காலை அரைவட்டமாக இழுத்து வைத்து, ஒரு மூச்சு நின்று, மறுபடி வலது கால். அவசரமே இல்லாத நடை. இவன் வந்து சேர நேரமாகும், ஆனால் வந்துவிடுவான் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

அது சின்னவனுடைய நடை. டைரக்டரின் தம்பியை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. பிள்ளை வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முதல் படத்தின் முதல் வாரம், உடைக்குள் போட ஒரு கழைக்கூத்து ஆளைப் பிடித்து வைத்திருந்தார் டைரக்டர். அந்த ஆள் குதித்தான், உருண்டான், பல்டி அடித்தான். எதைச் செய்தாலும் கம்பளத்துக்குள் ஒருவன் புகுந்துகொண்ட மாதிரிதான் இருந்தது. அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சின்னவன், இடைவேளையில் விளையாட்டாக அந்த உடையை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தான். செட்டில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே டைரக்டர் கழைக்கூத்து ஆளுக்குக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார், சின்னவன் மின்விசிறிக் கடைக்குத் திரும்பவில்லை.

அந்த உடை லேசுப்பட்டதில்லை. ரப்பரும் ரோமமுமாக முதுகை ஒடிக்கும். முதுகுப் பக்கம் ரோமத்துக்கு அடியில் கொக்கி, வெளியிலிருந்து ஒருவர் கழற்றினால்தான் உண்டு. பிராணியின் வாய்க்குள் இருக்கும் வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும், மூச்சும் அதே வழிதான். உள்ளே இருப்பவன் பேசக் கூடாது என்பது டைரக்டர் போட்ட சட்டம். செட்டுக்கு வரும் குழந்தைகளிடம் "உள்ள யாரும் கிடையாது, இதுதான் உம்மணன்" என்று சொல்ல வேண்டும், லைட்டைத் தூக்குகிறவர் வரை எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட 'உம்மணனாக: உம்மணன்' என்றுதான் போட்டார். சின்னவனுக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான்.

பேச்சுக்குப் பதிலாகத் தட்டு. ஷாட்டுக்கு முன்னால் டைரக்டர் வந்து உம்மணனின் மார்பில் கையை வைப்பார். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் நன்றாக இருக்கிறேன், எடுக்கலாம் என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் மூச்சு முட்டுகிறது, கழற்று. இத்தனை வருஷத்தில் சின்னவன் இரண்டு தட்டுத் தட்டியதே இல்லை. இரண்டாவது படத்தில் ஒருமுறை, ஒரு தட்டு தட்டிவிட்டு ஷாட்டை முடித்துக் கொடுத்து, அப்படியே சரிந்து விழுந்தான். கொக்கியைக் கழற்றி முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பிய பிறகு டைரக்டர் கத்தினார்.

"ரெண்டு தட்ட வேண்டியதுதானேடா?"

"வெளிச்சம் போயிடும்னு சொல்லிட்டிருந்தீங்களேண்ணா" என்றான் சின்னவன்.

இனி விற்பனைக்கு வருவோம். கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அறை. வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கதைப் பிரிவின் தலைவி ஓர் இளம்பெண், அவளுடைய பையில் ஒரு குட்டி உம்மணன் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்டாள், உண்மையான ஆசையோடுதான் கேட்டாள்.

"சார், உம்மணனை உம்மணனா ஆக்கறது எது?"

இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டுவிட்டால் எந்த டைரக்டருக்கும் கால் தரையில் நிற்பதில்லை. நம் ஆள் எழுந்துவிட்டார். "நடைம்மா. எல்லாம் நடை" என்று ஆரம்பித்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மேஜையைச் சுற்றி இடது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினார். "இது வானத்துலேர்ந்து குதிச்ச நடை இல்ல. பல மாசம் தூக்கமில்லாம உக்காந்து நானே உருவாக்கினது. ஒவ்வொரு அடியும் நான் யோசிச்சது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஓர் ஓரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பொய் அவருக்குப் புதிதில்லை. பேட்டிகளில், சினிமாப் பள்ளிகளில், விருது மேடைகளில் சொல்லிச் சொல்லி அவர் வாய்க்கே பழகிப்போனது. உள்ளே யாரும் இல்லை என்று ஊருக்குச் சொன்னவர், நடை யாருடையது என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? அப்படித்தான் அவர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தார். கம்பெனி அந்தப் பேச்சை அப்படியே ஒப்பந்தத்தில் ஏற்றிக்கொண்டது. உம்மணனின் முகம், ரோமம், சுரங்கம், அவனைப் பற்றிய விதிமுறைகள், இயக்குநர் உருவாக்கிய நடை. வேறெந்தப் படத்திலும் வேறெந்தப் பாத்திரமும் அந்த நடையில் நடக்கக் கூடாது. டைரக்டர் எதையும் படித்துப் பார்க்காமல் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி சூட்டோடு சூடாக ஆறாவது படத்தை எடுத்தது. அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள். உம்மணன் பேசினான். ஜோக் அடித்தான். கூரைக்குக் கூரை தாவினான், வில்லனைத் துரத்திக்கொண்டு நான்கு கால் பாய்ச்சலில் ஓடினான். அவனுக்குள்ளே யாருமே இல்லை, கணினியிலேயே பிறந்து கணினியிலேயே வளர்ந்தவன். ஒரு குழந்தை அழுகிற காட்சி வந்தது. உம்மணன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினான். டைரக்டர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

சின்னவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவனுக்குக் கால் சரியாயிடுச்சுண்ணா" என்றான்.

போகட்டும், நாம் நம் படத்தைப் பார்ப்போம் என்று டைரக்டர் நினைத்துக்கொண்டார். அவர் விற்றதே அந்தப் படத்துக்காகத்தான். வருஷக்கணக்காக மனதுக்குள் வைத்திருந்த கதை அது. பூட்டுக் கடையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன், யாரோ விட்டுப்போன ஒரு சாவியைத் திருப்பிக் கொடுக்க நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே போகிறான். அவ்வளவுதான் படம். நடக்கிறவன் சின்னவன்.

"மூஞ்சி தெரியுமா?" என்று கேட்டான் சின்னவன். மாடி அறையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடிதான் அவன் வீடு.

"படம் முழுக்க உன் மூஞ்சிதான்."

"பேரு போடுவீங்களா?"

"முதல் பேரே உன்னோடதுதான்."

சின்னவன் டீயைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். அப்புறம் ஒரு வாரத்துக்குக் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுடைய அண்ணி கேலி செய்தாள்.

கேலி செய்ய வேண்டிய முகமில்லை அது. அத்தனை வருஷம் யாரும் பார்க்காத இடத்தில் இருந்ததால் நடிக்கவே கற்றுக்கொள்ளாத முகம். களைப்பு வந்தால் களைப்பாக இருந்தது, வெயில் பட்டால் சுருங்கியது. படத்தை வெட்டி ஒட்டிய எடிட்டர் அம்மா அதிகம் பேசாதவர், யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாதவர். முதல் தொகுப்பைப் பார்த்துவிட்டு, "சார், இவர் பாலத்துல நடந்து வர்றதை நான் வெட்டவே போறதில்ல. எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் இருக்கட்டும்" என்றார். டைரக்டர் வெளி வராண்டாவில் போய் நின்று அழுதுவிட்டு வந்தார். வாழ்க்கையில் ஒரு நல்ல படம் எடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

முன்னோட்டத்தை வெளியிட்டார்கள். ஒரே நாளில் விஷயம் சந்தி சிரித்தது. பாலத்தில் நடந்து வரும் சின்னவனின் மேல் எவனோ உம்மணனின் தலையை ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? கம்பெனியின் வக்கீல் டைரக்டரைக் கூப்பிட்டனுப்பினார். அதே கண்ணாடி அறை.

வக்கீல் நல்ல மரியாதைக்காரர். எழுந்து நின்று வரவேற்றார். "உங்க தம்பி தெருவுல எப்படி வேணும்னாலும் நடக்கட்டும் சார். யாரும் கேக்கப் போறதில்ல. கேமரா முன்னாடி மட்டும் நடக்கக் கூடாது."

"அது அவன் நடைங்க. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் நடக்கறான். கால் அப்படி."

வக்கீல் தன் கணினியைத் திருப்பி வைத்தார். திரையில் டைரக்டர் மேஜையைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு அடியும் நான் யோசிச்சது என்றார். கை தட்டல் கேட்டது.

"ரெண்டுல ஏதோ ஒண்ணுதான் சார் உண்மையா இருக்க முடியும்" என்றார் வக்கீல். "நான் உங்களைச் சிக்க வைக்க நினைக்கல. அன்னிக்குச் சொன்னது பொய், நடை என் தம்பியோடது, உம்மணனுக்குள்ள இருந்தது அவன்தான்னு ஒரு அறிக்கை விடுங்க. பத்திரிகைல வரணும், அவ்வளவுதான். அப்புறம் நடையைப் பத்தி நாங்க பேச வேண்டியது உங்க தம்பிகிட்டதான், உங்ககிட்ட இல்ல. உங்க படம் அப்படியே வெளிய வரட்டும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் டைரக்டர்.

யோசிக்க அதில் என்ன இருந்தது? நாலு வரி எழுதினால் தம்பியின் நடை தம்பிக்குத் திரும்பி வரும், படமும் பிழைக்கும். ஆனால் அந்த நாலு வரிக்குப் பிறகு டைரக்டர் யார்? உம்மணனைப் படைத்தவர் என்று அவரைத்தான் ஊர் சொன்னது. நொண்டித் தம்பிக்கு உடையை மாட்டிவிட்டு, அவன் நடையைத் தன் நடை என்று விற்றவர் என்று நாளைக்குச் சொல்லும். காரில் வரும்போது அவர் மனது எத்தனையோ நியாயங்களைச் சொன்னது. அத்தனையும் வெட்கத்தின் மேல் பூசி மெழுகிய நியாயங்கள். வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணுமில்ல, சும்மா மிரட்டறாங்க. நான் பாத்துக்கறேன்" என்று சின்னவனிடம் சொன்னார். சின்னவன் நம்பினான்.

அண்ணன் பார்த்துக்கொண்ட விதம் இது. சின்னவனின் உயரமும் உடம்பு வாகும் உள்ள ஒரு நடனக்காரனைப் பிடித்தார். அதே பழுப்புக் கால்சட்டை, அதே மாதிரி ஷூ. சின்னவனை ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டு, அதே தெருக்களில், அதே பாலத்தில், இடுப்புக்குக் கீழே மட்டும் எடுத்தார். எடிட்டர் அம்மா அதையும் இதையும் ஒட்டினார். ஒட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் டைரக்டர்.

"நடக்கறார் சார். எங்கயும் போகல."

"உங்களைக் கருத்து கேக்கல."

"இப்பத்தானே கேட்டீங்க" என்றார் எடிட்டர் அம்மா. பிறகு சொன்ன இடத்தில் எல்லாம் வெட்டினார். பாலம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துபோனது.

முதல் காட்சிக்குச் சின்னவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்ததும் அவன் பெயர் திரையில் வந்தது, முதல் பெயராகத்தான் வந்தது. அண்ணி அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். பிறகு அவன் முகம் வந்தது. அப்புறம் கால்கள் வந்தன. இரண்டும் ஒரே அளவாக, ஒரே தாளத்தில், நல்ல ஆரோக்கியமாக நடந்தன. டைரக்டர் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. படம் முடிகிறவரை திரும்பவில்லை. அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சின்னவன் கேட்டான். "கால் யாரோடதுண்ணா?"

டைரக்டர் பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். "எனக்கு எப்பவும் இடது ஷூவோட மூக்கு தேஞ்சுடும். படத்துல அது தேயவே இல்ல. அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

டைரக்டர் கம்பெனி மிரட்டியதைச் சொன்னார், ஒப்பந்தத்தைச் சொன்னார். வேறு வழியில்லை என்றார். இங்கேதான் அவர் மனைவி குறுக்கிட்டாள். அவளிடம் மட்டும் ஒரு பலவீனமான நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"வழி இருந்துது. எழுதிக் கொடுத்திருக்கலாமே" என்றாள். "நாலு வரிதானே கேட்டாங்க."

சின்னவன் அண்ணியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அவள் முழுவதும் சொல்லி முடித்தாள். தம்பி கோபப்படுவான், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவான் என்று டைரக்டர் எதிர்பார்த்தார். எறிந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலை.

"விடுங்க அண்ணி" என்றான் சின்னவன். "அண்ணனுக்குப் படம் வெளிய வரணும்ல." மாடிப்படியில் ஏறிப் போனான். வலது கால், அரைவட்டம், ஒரு மூச்சு. டைரக்டர் அந்தச் சத்தம் நிற்கிறவரை கேட்டுக்கொண்டே நின்றார்.

சில நாளில் மாடி அறை காலியானது. ஒரு நண்பன் வீட்டில் தங்குகிறேன் என்று அண்ணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். சாவிப் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. முகத்துக்கும் காலுக்கும் சம்பந்தமில்லாத படம் என்று ஒருவர் எழுதினார். அவர் அதை ஏதோ உவமையாகத்தான் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு டைரக்டரிடம் கதை கேட்டு யாரும் வரவில்லை, அவருக்கும் சொல்லக் கதை இல்லை. நடக்கிற மனிதன் யாரையும் அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

கம்பெனிக்கும் பெரிதாக ஒன்றும் விளங்கிவிடவில்லை. பாட்டுப் பாடுகிற உம்மணனைக் குழந்தைகள் மதிக்கவில்லை. ஏழாவது படத்துக்கு முன்னால் கம்பெனி ஞானம் பெற்று, பழைய உம்மணன் திரும்பி வருகிறான் என்று அறிவித்தது. பேசாத உம்மணன், மெல்ல நடக்கிற உம்மணன். விளம்பரத்துக்காகப் பெரிய கடைவளாகங்களில் உம்மணன் நேரில் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்வான் என்றார்கள். அதற்கு ஆள் தேடினார்கள்.

"சின்னவன் போன் பண்ணான்" என்றாள் மனைவி ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. "வேலை கிடைச்சிருச்சாம். போய் நடந்து காட்டினானாம். மத்தவங்க எல்லாரும் ஒரு வாரமா பழகிட்டிருந்தாங்களாம். இவன் நடந்ததும் அப்படியே இருக்கேன்னு உடனே எடுத்துக்கிட்டாங்களாம். யாருன்னு அவனும் சொல்லல, அவங்களும் கேக்கல."

"இந்த வயசுல அந்த உடைக்குள்ளயா?"

"நானும் கேட்டேன். அங்க நடந்தா யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க அண்ணின்னான்."

டைரக்டர் அந்த வளாகத்துக்குப் போனார். நகரும் படிக்கட்டின் அடியில் அட்டையால் ஒரு ரயில் சுரங்கம் கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் குழந்தைகளின் நீண்ட வரிசை. அவரும் போய் நின்றார். ஒரு பிள்ளையும் கையில் இல்லாமல் நிற்கும் கிழவரை முன்னால் நின்ற தாய் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சுரங்கத்திலிருந்து உம்மணன் வந்தான். ஒவ்வொரு குழந்தையிடமும் அந்த நடையிலேயே வந்தான், பக்கத்தில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி வந்தான். எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. வரிசை குறையவில்லை.

அவர் முறை வந்தது. உம்மணன் இரண்டடி தள்ளி நின்றான். வாய் வலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அப்படித் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னவரே அவர்தான். பிறகு அது நடந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. ரோமத்துக்குள்ளிருந்து மூச்சிரைப்பது கேட்டது. டைரக்டர் அதன் மார்பில் கையை வைத்தார்.

"தம்பி" என்றார். "நான் எழுதிக் கொடுத்துடறேன்டா. நாளைக்கே கொடுத்துடறேன்."

உள்ளிருந்து பேச்சு வரவில்லை. உடைக்குள் இருப்பவன் பேசக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் உள்ளங்கைக்கு நேராக, ஒரு தட்டு வந்தது.

அந்த ஒரு தட்டை அவருக்குத் தெரியும், இரண்டாவது படத்தில் சரிந்து விழும் முன்பு வந்ததும் அதே தட்டுதான். அவர் எழுந்து உம்மணனின் முதுகுப் பக்கம் போய் ரோமத்தை விலக்கிக் கொக்கியைத் தேடினார். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"சார், தொடாதீங்க."

"உள்ள என் தம்பிம்மா. அவனால முடியல. கழட்டணும்."

அவள் குழந்தைகளின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கோபமாகச் சொல்லவில்லை, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

"உள்ள யாரும் கிடையாது சார். இதுதான் உம்மணன்."

உம்மணன் கையை ஊன்றி எழுந்தது. அடுத்து நின்ற குழந்தை அழுதுகொண்டிருந்தது. வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து வைத்து, அது அந்தக் குழந்தையை நோக்கி நடந்தது. டைரக்டர் விலகி வழிவிட்டார்.